காலடியில் ஒரு வரைபடம்

உடலுறுப்புகள் அனைத்திலும் மிகுதியாக உழைத்து, மிகக் குறைவாகப் பேசப்படுவது பாதம். கண்ணுக்கும் கைக்கும் முகத்துக்கும் புலவர்கள் சூட்டிய உவமைகள் எண்ணில் அடங்கா. பாதத்துக்கும் தாமரை என்றோர் உவமை உண்டுதான். ஆயினும் அது இறைவன் திருவடிக்கும் தலைவியின் சீறடிக்குமே உரியதாக நின்றுவிட்டது. காலைச் சந்தையின் ஈரத்தரையில் நின்று மீன் விற்பவளின் பாதத்தையும், கரும்பலகைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே நாள் முழுதும் நடக்கும் ஆசிரியரின் பாதத்தையும் எவரும் தாமரை என்று பாடியதாகத் தெரியவில்லை. உடற்கூற்று நூலோ அவ்வேறுபாடு பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன என்று அது பொதுவாகவே கூறுகிறது. மனித உடலின் 206 எலும்புகளில் 52 எலும்புகள் இரு பாதங்களிலேயே அடங்கிவிடுகின்றன. ஏறத்தாழக் கால் பங்கு! தமிழ் இவ்விடத்தில் தானாகவே சிலேடை செய்துகொள்கிறது.

இப்பாதத்தை முறையாக அழுத்துவதன் வாயிலாக உடல் முழுவதையும் நலமாக்கலாம் எனக் கூறும் கலையே ரிஃப்ளெக்சாலஜி. தமிழில் பாத அழுத்தச் சிகிச்சை என வழங்குகின்றனர். சிகிச்சை என்னும் சொல்லை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். அத்தயக்கத்தின் காரணம் பின்னர் விளங்கும். நம் நாட்டில் இக்கலைக்கு அறிமுகம் வேண்டியதில்லை. கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் சாலை வழியே மாலையில் நடந்தவர்கள், பாதத்தின் படத்தைப் பலகையில் தீட்டி வாசலில் நிறுத்தியிருக்கும் கடைகளை வரிசையாகக் கண்டிருப்பர். நகரப் பூங்காக்களிலும், சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒட்டிய திடல்களிலும், கூழாங்கற்களைச் சிமெண்டில் பதித்த நடைபாதைகளைக் காணலாம். அதிகாலையில் முதியவர்கள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தவாறே, அவற்றின் மீது அடிமேல் அடி வைத்து நடப்பர். பேரங்காடிகளில், பணம் போட்டால் காலைப் பிசைந்துவிடும் நாற்காலிகளும் வந்துவிட்டன. என் ஊராகிய சுங்கை பட்டாணியிலும் இத்தகைய கடைகளுக்குக் குறைவில்லை.

அவற்றுள் ஒன்றின் படியை நான் முதன்முதலாக மிதித்தது, பள்ளி விளையாட்டுப் போட்டி நடந்த ஒரு சனிக்கிழமை மாலையில். காலை ஆறரை மணி தொட்டுத் திடலில் நின்ற கால்கள். பரிசளிப்பு முடிந்து, கூடாரம் பிரித்து, கடைசி மாணவனின் தந்தை வந்து அவனை அழைத்துச் சென்ற பிறகே நானும் நகர முடிந்தது. குதிகால் இரண்டும் ஆணி அறைந்தாற்போல் வலித்தன. உடன் பணியாற்றும் நண்பர் என் நிலையைக் கண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் காடியை நிறுத்தி, வலிந்து என்னை உள்ளே அழைத்துச் சென்றார்.

நம் மரபில் பிறர் காலைத் தொடுவது எளிய செயலன்று. பெரியோர் காலை வணங்குவதற்காகத் தொடுவோம். நம் கால் தவறிப் பிறர்மீது பட்டுவிட்டால், பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். புத்தகத்தின் மீது கால் படக் கூடாது என்று மாணவர்க்கு முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருபவன் நான். எனவே, என் தந்தையின் வயதையொத்த ஒருவர் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, என் பாதத்தைத் தம் மடிமீதிருந்த துண்டில் எடுத்து வைத்துக்கொண்டபோது உடல் கூசியது. என்னையறியாமல் காலை இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "காக்கி பெனாட், சிக்கு" என்றார். கால் களைத்திருக்கிறது, ஆசிரியரே, என்பது பொருள். களைத்த காலுக்கு மரியாதை வேண்டியதில்லை என்பது போலிருந்தது அவர் சொன்ன விதம்.

அவர் சீனர், எழுபதை நெருங்கியவர், மரப்பட்டறையில் வேலை பார்த்து, ஐம்பது வயதுக்கு மேல் இத்தொழிலைக் கற்றவர். என் பாதத்தை அழுத்துமுன் மூன்று கேள்விகள் கேட்டார். "கெஞ்சிங் மானிஸ் அடா?" என்பது முதற்கேள்வி. இனிப்புநீர் உண்டா என்கிறார். காலில் புண் ஏதும் உண்டா, அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்ததா என்பன மற்ற இரண்டு. மூன்றுக்கும் இல்லையென்றேன். பிறகே எண்ணெயைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் தொடங்கி, விரலளவே உள்ள ஒரு மரக்கோலால் சில இடங்களை நிதானமாக அழுத்தினார். உள்ளங்காலின் நடுவில் ஓரிடத்தைத் தொட்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "சாக்கிட்?" என்று கேட்டுவிட்டுச் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார். அவ்விடம் வயிற்றுக்கு உரியதாம். நான் நேரத்துக்கு உண்பதில்லையாம். எந்தத் தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னாலும் பொருந்தக்கூடிய சோதிடம் அது. ஆயினும் நாற்பது நிமிடம் கழித்து எழுந்தபோது, தரை மெத்தென்றிருந்தது. அன்றிரவு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைப் பற்றிய நினைவே இல்லாமல் உறங்கினேன். அன்று தொட்டு மாதம் ஒருமுறை அங்கே செல்வது வழக்கமாயிற்று.

சுவரில் தொங்கிய அப்படம் என் சிந்தையை விட்டு அகலவில்லை. ஆசிரியனுக்கு எந்தப் படத்தைக் கண்டாலும் அதை யார் வரைந்தார் என்று கேட்கத் தோன்றும். இரு பாதங்களும் பல வண்ணங்களில் கட்டம் கட்டப்பட்டிருந்தன. பெருவிரல் தலைக்கு, விரல்களுக்குக் கீழுள்ள மேடு நுரையீரலுக்கு, பாதத்தின் உள்விளிம்பு முதுகெலும்புக்கு, குதிகால் இடுப்புக்கு. கல்லீரல் வலப்பாதத்தில், இதயம் இடப்பாதத்தில். பழஞ்சீன ஞானிகள் வரைந்து வைத்தது என்றுதான் கடைக்கு வருவோர் பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உள்ளங்காலில் அழுத்தப்புள்ளி உண்டென்பது சீன மருத்துவத்தில் பழைய செய்தியே. ஆனால் இந்தப் படத்தின் வரலாறு வேறு.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். உடலைத் தலை முதல் கால் வரை பத்து நெடும்பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பகுதியின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அதே பகுதியின் வேறிடத்தில் வலி குறையும் என்றார். எட்வின் பவர்ஸ் என்பாருடன் சேர்ந்து 1917இல் இதனை நூலாக வெளியிட்டார். விரல்களை அழுத்த அவர் பயன்படுத்தியவை கவ்விகளும் சீப்புகளும் ரப்பர் வளையங்களும். மலாயாவின் தோட்டங்களிலிருந்து அமெரிக்காவுக்கு ரப்பர் மிகுதியாகச் சென்ற காலம் அது. நம் பாட்டன்மார் வெட்டிய பாலும் அவ்வளையங்களில் இருந்திருக்கக் கூடும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கொரு சிறு மகிழ்ச்சி. பின்னர், இயன்முறைப் பணியாளரான யூனிஸ் இங்ஹாம் என்னும் அம்மையார் அம்முறையைப் பாதத்துக்கே உரியதாக்கி, உறுப்புகளை உள்ளங்காலில் வரிசையாக இட்டுக்காட்டினார். அவருடைய நூல் 1938இல் வெளிவந்தது. பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று இதைக் கற்பித்த அவர் 1974இல் மறைந்தார். கீழ்த்திசைக்கு இதைக் கொண்டுவந்து பரப்பியவர்களுள் முதன்மையானவர், தைவானின் கிழக்குக் கரையில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து நாட்டுப் பாதிரியார் ஜோசப் யூக்ஸ்டர். தம் மூட்டுவலிக்கு ஒரு நூலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, 1970களின் இறுதியில் பிறர்க்கும் செய்யத் தொடங்கினார். அவருடைய சீனப் பெயராலேயே வழங்கப்பட்ட அம்முறை மலேசியா, சிங்கப்பூர் வரை பரவிற்று. ஆக, அமெரிக்க மருத்துவரிடம் முளைத்து, ஓர் அம்மையாரிடம் வளர்ந்து, சுவிஸ் பாதிரியாரின் கைவழியே சீனப் பெயர் பூண்டு, சுங்கை பட்டாணிக் கடைச்சுவருக்கு வந்து சேர்ந்தது அப்படம்.

இதை ஒருமுறை ஆசிரியர் அறையில் சொன்னபோது, இளம் ஆசிரியர் ஒருவர் உடனே மறுத்தார். "ஐயா, இதெல்லாம் நம் முன்னோர் அறிந்ததுதானே? பெண்கள் மெட்டி அணிவது எதற்காக?" என்றார். மெட்டி அழகுக்கும் மணவாழ்வின் அடையாளத்துக்கும் உரியது. அதனுள் கருப்பை நரம்பை ஒளித்து வைப்பது நம் காலத்தார் செய்யும் வேலை. நம்மிடம் வர்மக் கலை இருக்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களை அது கணக்கிடுகிறது. அவற்றுள் காலில் அமைந்தவையும் உண்டு. அது தனக்கென ஆசான்களும் சுவடிகளும் உடைய தனி மரபு. அதற்குப் பெருமை சேர்க்க இங்ஹாம் அம்மையாரின் படத்தை இரவல் வாங்க வேண்டியதில்லை. எகிப்தில் சக்காரா என்னுமிடத்திலுள்ள பழைய கல்லறைச் சுவரில், ஒருவர் மற்றொருவரின் பாதத்தைப் பற்றியிருக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. இக்கலையினர் அதைத் தமக்குச் சான்றாகக் காட்டுவர். நகம் திருத்தும் காட்சியாகவும் அதைக் கொள்ள இடமுண்டு. எது எப்படியாயினும், களைத்த காலை மற்றொருவர் பிடித்துவிடுவது மனிதன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இருந்திருக்கும்.

படம் மெய்தானா என்பதே கேள்வி. உள்ளங்காலின் இன்ன இடத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நேர்வழி உண்டென்று உடற்கூறு காட்டவில்லை. அழுத்தும்போது நெருநெருவென்று தட்டுப்படுவன நச்சுப் படிகங்கள், அவற்றை உடைக்கிறோம் என்பர். அத்தகைய படிகங்களை எவரும் எடுத்துக் காட்டியதில்லை. ஒரே தெருவிலுள்ள இரண்டு கடைகளில், இதயம் இருவேறிடங்களில் வரையப்பட்டிருந்ததை நானே கண்டேன். உலக வரைபடங்கள் இரண்டு கோலாலம்பூரை இருவேறிடங்களில் காட்டினால், என் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவனும் ஏனென்று கேட்பான். இங்கிலாந்தின் எக்செட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்சார்ட் எர்ன்ஸ்ட், முறையாக நடத்தப்பட்ட 18 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்து 2009இல் முடிவு வெளியிட்டார். எந்த நோய்க்கும் இது பயன் தரும் மருத்துவம் என்பதை ஏற்கத்தக்க வகையில் அவை நிறுவவில்லை என்பதே அம்முடிவு.

அவ்வாறாயின் அன்றிரவு எனக்கு வந்த உறக்கம் பொய்யா? பொய்யன்று. உள்ளங்காலில் தொடுவுணர்வு நிறைந்திருக்கிறது. வெதுவெதுப்பான கையொன்று அதைச் சீராகப் பிடித்துவிடும்போது தசை தளர்கிறது, மூச்சு நீள்கிறது, நாடி தணிகிறது. மேலும், நாற்பது நிமிடம் நாற்காலியில் சாய்ந்து, கைத்தொலைபேசியை எடுக்காமல், எவருக்கும் விடை சொல்லாமல் இருக்கும் வாய்ப்புத் தலைமையாசிரியர்க்கு வேறெங்கே கிடைக்கும்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கிடைக்குமா? அந்தச் சீனப் பெரியவரிடம் நான் வாங்குவது ஓய்வு. அதற்கு உரிய விலையை மகிழ்ந்து கொடுக்கிறேன். மருந்தின் விலையை அதற்குக் கொடுப்பதில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் மர உருளையொன்றை வாங்கி வந்து மேசைக்கடியில் போட்டிருக்கிறார். பயிற்சிப் புத்தகம் திருத்தும்போது காலணியைக் கழற்றிவிட்டு அதை உருட்டிக்கொண்டே திருத்துவர். அவ்வுருளை வந்த பின்னர் மதிப்பெண்கள் சற்றுத் தாராளமாக விழுகின்றன என்று மாணவர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி.

கூழாங்கல் பாதைக்கும் ஒரு நற்சான்று உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஆய்வாளர்கள், சீனாவில் முதியோர் கற்பாதையில் நடப்பதைக் கண்டு, கல் பதித்தாற்போன்ற விரிப்பொன்றைச் செய்து 60 வயதுக்கு மேற்பட்ட 108 பேரைக் கொண்டு சோதித்தனர். பாதிப் பேர் அவ்விரிப்பில் நடந்தனர். மற்றவர் வழக்கமான நடைப்பயிற்சி செய்தனர். 16 வாரங்களுக்குப் பின், விரிப்பில் நடந்தோர்க்கு உடற்சமநிலையும் இரத்த அழுத்தமும் மற்றவரைவிட நன்கு திருந்தியிருந்தன. 2005இல் வெளிவந்த ஆய்வு அது. வரைபடம் மெய்யென்பதை அது காட்டவில்லை. கல்லின் மேடுபள்ளங்களை உணர்ந்து, ஒவ்வோர் அடியையும் தேர்ந்து வைக்கும் பாதம் தன் வேலையை மறவாதிருக்கிறது என்று நான் பொருள்கொள்கிறேன். உணர்வுள்ள பாதம் வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்த செய்தி அங்கேதான் இருக்கிறது.

என் தாயார் கெடா மாநிலத் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு நானூறு ஐந்நூறு மரங்களை வெட்டி, மீண்டும் அதே நிரைகளில் நடந்து பால் எடுத்து, காண்டாவில் சுமந்து வருவார். மேடும் சரிவும் முள்ளுமான நிலத்தில் அவர் நடந்த தொலைவை எவரும் அளந்து வைக்கவில்லை. அக்கால்கள் பெற்ற சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றேன். அவருக்கு இனிப்புநீர் கண்டு 17 ஆண்டுகளாகின்றன.

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு முன், உறவுப்பெண் ஒருத்தி அவரை ஊரிலுள்ள ஒரு பாத அழுத்தக் கடைக்கு அழைத்துச் சென்றாள். நான் வழக்கமாகச் செல்லும் கடையன்று அது. மாலையில் பள்ளியிலிருந்து நான் திரும்பியபோது, தாயார் முகமலர்ச்சியோடு வாசலில் அமர்ந்திருந்தார்.

"தம்பி, எனக்கு உடம்புல ஒரு நோயும் இல்லையாம்பா. அந்தப் பையன் கட்டையால எல்லா எடத்துலயும் அழுத்திப் பாத்தான். ஒரு எடத்துலகூட வலிக்கல. கிட்னி, கல்லீரல் எல்லாம் நல்லா இருக்குதாம். இந்த வயசுல இப்படி ஒரு காலை நான் பாத்ததே இல்லம்மான்னு சொன்னான்."

வலித்தால் உறுப்பில் கோளாறு. வலிக்காவிட்டால் உறுப்பு நலம். இதுவே அப்படத்தின் இலக்கணம். அந்த இலக்கணத்தின்படி, உணர்ச்சி இழந்த பாதமே உலகில் நலமிக்க பாதமாகிவிடுகிறது! இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் நரம்புகள் நலியும். உடலின் நீண்ட நரம்புகள் முதலில் நலிவதால் பாதமே முதலில் மரத்துப்போகிறது. முள் குத்தினாலும் தெரியாது. செருப்பு கடித்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குன்றிவிட்டால் சிறு புண்ணும் ஆறாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டென்று கண்டது. மூன்று பெரிய இனங்களுள் அது மிகுதியாக இருப்பது நம்மவரிடையேதான். என் தாயாரோடு அடுத்தடுத்த நிரைகளில் மரம் வெட்டிய மூவர் இன்று முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாதவர்கள்.

அடுத்த வாரம் அரசாங்க சுகாதார நிலையத்தில் அவருக்கு முறை இருந்தது. அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மலாய்த் தாதி, தாயாரின் பாதத்தை நாற்காலியொன்றின் மீது தூக்கி வைத்தார். அவர் கையில் இருந்தது ஒரு பிடியும் அதன் முனையில் நீட்டிய நைலான் இழையும் மட்டுமே. பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் அவ்விழை வளையும். அந்த அளவு தொடுகை தெரிந்தால் பாதத்துக்குக் காவல் இருக்கிறது என்பது கணக்கு. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பத்து இடங்களில் தொட்டார். "மக்சிக், ராசா?" என்று ஒவ்வொரு முறையும் மெல்லக் கேட்டார். தொட்டது தெரிகிறதா, அம்மா, என்கிறார். வலப்பாதத்தில் நான்கு இடங்களில் மட்டுமே தாயார் தலையசைத்தார். பிறகு, நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையை ஒலிக்கச் செய்து பெருவிரல் எலும்பின் மேல் வைத்தார். தாயார் கண்ணை மூடியபடியே, அடுத்தது எப்போது தொடங்கும் என்று காத்திருந்தார். என்னருகே நின்ற எனக்கு அந்த இசைக்கவையின் ஒலி கேட்டது.

தாதி பாதத்தைத் திருப்பினார். உள்ளங்காலின் நடுவே, சிறு நாணயத்தின் அளவில், தோல் கன்றி நீலம் பாரித்திருந்தது. மரக்கோல் அழுத்திய இடம் அது. வலியேயில்லை என்று அந்த இளைஞன் வியந்தானே, அதே இடம். அது ஆற மூன்று வாரங்கள் ஆயின. புண்ணாகாமல் ஆறியது எங்கள் நல்வினை.

நான் அந்தக் கடைக்குச் சென்றேன். சினத்தோடுதான் சென்றேன். அவன் நம் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும், மூன்று வாரப் பயிற்சி பெற்று வேலைக்கு வந்தவன். "சார், வலிக்கலன்னா நல்லதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அம்மாவுக்குச் சுகர்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல" என்றான். அவன் முகத்தில் கலக்கம் தெரிந்தது. என் சினம் அவனை விட்டு, மூன்று வாரத்தில் ஒருவனுக்குப் படத்தையும் கோலையும் கொடுத்து, அந்த ஒரு கேள்வியைக் கொடுக்காமல் அனுப்பியவர்கள் மீது சென்றது. மரப்பட்டறையிலிருந்து வந்த அந்தச் சீனப் பெரியவர் எவரிடம் கற்றாரோ, முதலில் அக்கேள்வியைத்தான் கற்றிருக்கிறார். இனிப்புநீர் உள்ளோரின் பாதத்தில் கோலை வைக்கவே மாட்டேன், மென்மையாகக் கையால் மட்டும் தடவிவிடுவேன் என்று பின்னொரு நாள் அவரே என்னிடம் சொன்னார். அந்த இளைஞன் இப்போது கடைவாசலிலேயே கேட்டுவிடுகிறான் என்று அறிகிறேன்.

தாயாருக்கோ கால் பிடித்துவிட்ட சுகம் மறக்கவில்லை. "வலிதான் தெரியல, தம்பி. ஆனா யாரோ காலைப் பிடிச்சிட்டிருக்காங்கன்னு மேலே வரைக்கும் தெரிஞ்சுது" என்றார். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவரிடம் கேட்டேன். கோல் வேண்டா, கற்பாதை வேண்டா, வெந்நீரில் ஊறவைக்க வேண்டா, மாத்திரையை ஒரு வேளையும் நிறுத்த வேண்டா. கையால் மென்மையாகத் தடவிவிடுவதில் தடையில்லை என்றார். அன்று முதல் இரவுணவுக்குப் பின் அவ்வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் விளக்கைப் போட்டு இரு பாதங்களையும் பார்க்கிறேன். குதிகாலில் வெடிப்பு, விரலிடுக்கில் ஈரம், நிறமாற்றம், சூடு, வீக்கம் ஆகியவற்றைத் தேடுகிறேன். தனியே இருப்போர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு சிறிது எண்ணெய் தொட்டுக் குதிகாலிலிருந்து விரல் நோக்கித் தடவிக் கொடுக்கிறேன். விரலிடுக்கில் எண்ணெய் போகலாகாது. அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறிப் பூஞ்சை பற்றும். இரு பாதத்துக்கும் பதினைந்து நிமிடம் போதும். நோயற்றவர்க்காயின் இன்னும் சற்று அழுத்தமாகச் செய்யலாம்: கட்டைவிரலைக் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் மடக்கி நிமிர்த்திக் கொண்டே உள்ளங்காலில் முன்னேற வேண்டும். இக்கலையினர் கற்றுத்தரும் அம்முறை உண்மையிலேயே இதமானது. என் மனைவிக்கு நானும் எனக்கு அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வாறு செய்துகொள்கிறோம். ஆளில்லாதபோது டென்னிஸ் பந்தொன்றைக் காலின்கீழ் உருட்டினாலும் ஆயிற்று. ஆனால் ஒரு காலில் மட்டும் ஆடுதசை திடீரென வீங்கி வலித்தால் அதைப் பிசையக் கூடாது. அது இரத்த உறைவாக இருக்கலாம். மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் வகுக்கப்பட்ட எளிய சோதனையொன்றும் உண்டு. கருவியே வேண்டா. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை நம் சுட்டுவிரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும். இதை என் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கற்றுக்கொடுத்து, வீட்டில் தாத்தா பாட்டிக்குச் செய்து பார்த்து வரச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி, தன் பாட்டிக்கு ஆறும் தெரியவில்லை என்றும், பாட்டி தூங்கிவிட்டாரோ என்று நினைத்ததாகவும் சொன்னாள். அன்று மாலையே அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

என் தாயாருக்கு இச்சோதனை ஒரு விளையாட்டாகிவிட்டது. எண்ணெய் தடவி முடிந்ததும் தாமே கண்ணை மூடிக்கொள்வார். பெருவிரல் சில நாள்களில் தெரியும், மற்றவற்றை ஊகிப்பார். நான் சுண்டுவிரலைத் தொட்டிருக்கையில், "நடுவிரல்" என்பார். இல்லையம்மா, சுண்டுவிரல் என்பேன்.

"கிட்டத்துலதான தம்பி சொன்னேன்" என்று சிரித்துவிட்டு, மற்றொரு காலை நீட்டுவார்.